கோயில் வாசலின் கறுப்பு மணல்

அணுமின்சாரத்தின் நன்மைகளை எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு விளக்க வந்த அதிகாரிக்கு முதலில் மின்சாரம் தேவைப்பட்டது. அது எங்களிடம் இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கரண்டு மாலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போய்விடும். தோட்டத்து ஜெனரேட்டர் ஓடுகிற நேரம்தான் எங்களுக்கு வெளிச்சம். இத்தனைக்கும் தோட்டத்தின் நடுவே ரப்பர் மரங்களை வெட்டி வழி செய்து, பெரிய பெரிய மின்கோபுரங்களை நிறுத்தியிருந்தார்கள். கம்பிகள் எங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு தலைநகரத்துக்குப் போயின. ஒரு பல்பு எரிகிற அளவுக்குக்கூட அதில் எங்களுக்குப் பங்கு கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்த மனிதர், பளபளக்கிற சப்பாத்தும் ஸ்லைடு காட்டும் கருவியுமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வந்து இறங்கினார்.

1986ஆம் வருஷம். ரஷ்யாவில் அணு உலை வெடித்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்து ஊர் பத்தாங் பெர்ஜுந்தையில், பாசாரில் சாமான் வாங்கப் போனால், மழையில் நனையாதே என்றார்கள், ஐரோப்பாவிலிருந்து வருகிற மாவுப்பாலை வாங்காதே என்றார்கள். சுங்கை புரோங் பக்கம் வயல்காரர்கள் மீன்கூடச் சாப்பிடுவதில்லை என்று ஒரு கதை பஸ் ஏறி வந்தது. இந்தப் பயத்தைத் தெளியவைக்க ஏதோ ஓர் அரசாங்க அலுவலகம் ஊர் ஊராக ஆள் அனுப்பியது. அந்தப் பட்டியலில் எங்கள் தோட்டம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பயப்பட வேண்டியது எங்களுக்குப் பக்கத்திலேயே தாராளமாக இருந்தது. வெறுங்கையோடு களைக்கொல்லி அடித்து நகமெல்லாம் உதிர்ந்த பெண்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். அதைப் பற்றிப் பேச ஒரு நாதியும் வந்ததில்லை.

அதிகாரி மலாயில் பேசுவார். அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். தோட்டத்திலேயே ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு வரை அறிவியல் படித்தவன் நான் ஒருவன்தான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். இருபத்திரண்டு வயது. இடம் கிடைக்காதவனுக்கு எவ்வளவு திமிர் இருக்கும் என்பது இடம் கிடைத்தவர்களுக்குத் தெரியாது. கூப்பிட்டவுடன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போய், என்னைப் படிக்கவைத்தாள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மலாயும் ஆங்கிலமும் வராது. வீட்டுக்கு வருகிற கடிதம், கிளினிக் அட்டை, மாத்திரை உறை எல்லாமே நேராக என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் அவள் வேறு யாரிடமும் கேட்டதில்லை. அவள் புருஷன், என் மச்சானுக்கும் அவள் கேட்டுச் சொன்னதே போதும்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. அந்த வருஷம்தான் ஒரு பெண் குழந்தை தங்கியது. அதிகாரி வந்த அன்று அதற்கு நான்கு மாதம். அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அணுவைத் தெரிந்துகொள்ள அவள் வரவில்லை, தம்பி பேசுவதைப் பார்க்க வந்திருந்தாள்.

கூட்டம் கோயிலை ஒட்டிய கொட்டகையில் நடந்தது. மேனேஜர் பெரிய மனசு பண்ணி, பகலிலேயே ஜெனரேட்டரை ஓட்ட அனுமதி கொடுத்திருந்தார். டீசல் புகை கொட்டகைக்குள் வந்து எல்லோரும் இருமிக்கொண்டிருக்க, புகையில்லாத மின்சாரத்தைப் பற்றி அதிகாரி பேசத் தொடங்கினார். ஒரு பிடி எரிபொருள் போதும், ரயில் ரயிலாக நிலக்கரி கொடுக்கிற நெருப்பை அது கொடுக்கும். காற்று கெடாது. நம் நாட்டு எண்ணெய் ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது இதுதான் கைகொடுக்கும். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கவும் அணு உதவுகிறது. இதில் எதுவும் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாசார்க்காரன் நல்ல தக்காளியை மேலே அடுக்குகிற மாதிரி அடுக்கினார். நான் அதை இன்னும் கொஞ்சம் துடைத்து அடுக்கினேன்.

கேள்வி கேட்கலாம் என்றார். மச்சான் எழுந்து, "ரஷ்யால வெடிச்சுச்சே, அந்த ஊரு சனங்க வீட்டுக்குத் திரும்பிட்டாங்களா?" என்று கேட்டார். அந்த உலை பழைய மாதிரி, இப்போது கட்டுகிற உலை புது மாதிரி என்று அதிகாரி பதில் சொன்னார். மச்சான் உலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார், பாவம்.

அடுத்து அக்கா எழுந்தாள்.

"அடுப்பு எரிஞ்சா சாம்பல் விழும்ல? இதோட சாம்பல எங்க கொட்டுவாங்க? கொட்டற எடத்துக்குப் பக்கத்துல ஆளுங்க இருப்பாங்களே, அவங்க என்னா பண்ணுவாங்க?"

கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பெரிய மனிதர் முன்னால் அடுப்பையும் சாம்பலையும் பேசுகிறாளே என்று நினைத்தேன். உலகத்தில் அணு உலை கட்டிய எல்லா நாட்டுக்காரர்களும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற கேள்வி அது என்று ஆறாம் படிவம் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அதிகாரியிடம், "இது பாதுகாப்பானதா என்று கேட்கிறார்" என்றேன். மிகவும் பாதுகாப்பானது என்றார். அதை அக்காவுக்குச் சொன்னேன். அவள் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் ஜெனரேட்டர் நின்றது. பகலில் ஓடிப் பழக்கமில்லாத இயந்திரம், இரண்டு தடவை விக்கி அடங்கிவிட்டது. ஸ்லைடு அணைந்தது, மைக் அணைந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கலைவதற்குள் எதையாவது காட்ட வேண்டுமே என்று பையைத் திறந்து, பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டியை வெளியே எடுத்தார். கதிர்வீச்சை அளக்கும் கருவி அது. கதிர் பட்டால் டிக் டிக்கென்று கத்தும்.

உலகத்தில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, அதனால் பயப்படக்கூடாது என்பதுதான் அவர் காட்ட நினைத்த வித்தை. கொட்டகைக்குள் பெட்டி எப்போதோ ஒரு தடவை டிக்கென்றது. ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணியின் பழைய கைக்கடிகாரத்தில் இருட்டில் மின்னும் பச்சை முள் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்ததும் கொஞ்சம் வேகமாகக் கத்தியது. சனங்கள் கை தட்டினார்கள். கிராணிக்கு அன்றைக்குத்தான் வாழ்க்கையில் கைதட்டல் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் அதிகாரி பெட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். கோயில் வாசலில் காலை வைத்ததும் பெட்டி நிற்காமல் கத்த ஆரம்பித்தது. குனிந்து தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், எண்ணெயில் கடுகைப் போட்ட மாதிரி பொரிந்தது.

அந்த வாசலில் கிடந்தது கறுப்பு மணல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் வாசல் சேறாகிப்போய், கோயில் தலைவர் மூன்று லோரி மணல் கொண்டுவந்து கொட்டினார். எங்கள் பக்கத்து ஈய லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சுகிற மணல் அது. அமாங் என்று சொல்வோம். கனமாக இருக்கும், மழையில் கரையாது, கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சும்மா கொடுக்கிறார்களே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர்தான் கோயிலுக்கும் தலைவர். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டில் ஆள் எண்ணுகிறவர் சாயங்காலம் சாமிக்கும் கணக்குப் பார்த்தார். வாசலை மேடாக்கியது தன் சாதனை என்று ஒவ்வொரு திருவிழாவிலும் சொல்லிக்கொள்வார்.

அதிகாரி சப்பாத்து நுனியால் மணலைக் கிளறினார். முகம் மாறியது. எங்கிருந்து வந்தது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. அந்த மணலில் கதிர்வீசுகிற தோரியம் இருக்கும். பேராக் மாநிலத்தில் ஓர் ஊர்ச் சனங்கள் தோரியக் கழிவுக்காகக் கோர்ட்டு ஏறியிருந்த காலம் அது. பேப்பரில் படித்து, பள்ளி ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பெரிதாக விளக்கம் கொடுத்தவன் நான்.

அவர் பெட்டியை அணைத்துப் பைக்குள் வைத்தார். "தாக் அப்பா அப்பா" என்றார், ஒன்றுமில்லை என்று. பிறகு ஆங்கிலத்தில், என் காதோடு, "மண்ணில் இயற்கையாக இருப்பதுதான். அதற்கு மேல் எதுவும் சொல்லாதே. இவர்களைப் பயமுறுத்தாதே" என்றார். என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நானும் அவரும் ஒரு பக்கம், இந்தச் சனம் எல்லாம் ஒரு பக்கம் என்று எனக்கு ஜிவ்வென்றது. அந்த அற்ப சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மண்டோர் பெரட்டுக்குக் கொண்டுவருகிற பேட்டரி மைக்கை என் கையில் திணித்து, "என்னா சொல்றாரு, எல்லாருக்கும் கேக்கறமாரி சொல்லு" என்றார்.

"இது இந்த மண்ணுலயே இயற்கையா இருக்கறது. பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மத்த எடத்தவிட நம்ம எடத்துல கொஞ்சம் கூடுதலா இருக்கு, அவ்வளவுதான்" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

மண்டோர் மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களா? கொட்டகைல கத்தல. கிராணி கையில கொஞ்சம் கத்துச்சு. அம்மன் வாசல்ல வந்துதான் நிக்காம கத்துது. கவர்மெண்டு மிசினே சொல்லிருச்சுலா, நம்ம ஆத்தா இங்கதான் இருக்கா!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்திக்கு அருள் வந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, அவர்கள் ஏன் சந்தோஷப்படுகிறார்கள் என்று கேட்டார். உங்கள் பேச்சு பிடித்துவிட்டது என்று சொன்னேன். அவருக்கு மாலை போட்டு அனுப்பினோம்.

அடுத்த ஒரு வாரத்தில் கோயில் வாசலில் குழி விழுந்தது. ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார்கள். சிவப்புத் துணியில் சின்னச் சின்ன முடிச்சு போட்டு, பூசைக்கு வைத்து, மண்டோரே கையில் எடுத்துக் கொடுத்தார். வாசல்படியில் கட்டினார்கள், தலையணைக்கடியில் வைத்தார்கள். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒன்று தொங்கியது. படிக்காத கூட்டம், விஷத்தைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறது என்று எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. பத்தாங் பெர்ஜுந்தையில் நான் வழக்கமாக மீகோரெங் சாப்பிடுகிற கடை ஒன்று உண்டு. முதலாளி தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம். அவரிடம் இந்தக் கதையை நடித்தே காட்டினேன். கடையே சிரித்தது. அவர் மட்டும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நீங்க மைக்குல என்ன சொன்னீங்க தம்பி?"

பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங்கில் கைலித் தொட்டில் ஆடியது. ஸ்பிரிங்கின் கொக்கியில் ஒரு சிவப்பு முடிச்சு இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் இன்னொன்று, தொப்புளுக்கு நேராகக் கிடந்தது. என் சிரிப்பு அதோடு நின்றது.

அக்கா குசினியிலிருந்து சந்தோஷமாகச் சொன்னாள். "வர்ற ஆடி வெள்ளிக்கி பாப்பாவுக்கு மொட்டை போடறோம்டா. அந்த மணலக் கழுவுன தண்ணிய தலையில தேச்சு, நாக்குல மூணு சொட்டு வுடுவாங்களாம். கூழு ஊத்தற அன்னிக்கே செஞ்சா நல்லதாம்."

அந்த மணல் குழந்தையை என்ன செய்யும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒன்றுமே செய்யாமலும் போகலாம். மேலே படுவதைவிட உள்ளே போவது கெடுதல் என்கிற அளவுக்குத் தெரியும். நாக்கில் மூன்று சொட்டு என்று கேட்டதும் அடுப்படி வரை போனேன். ஆனால் அப்போதும் என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. அந்த அதிகாரியே திரும்பி வந்து சொல்லட்டும், என் மானம் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறித் தலைநகரத்துக்குப் போனேன். அவருடைய அறையில் குளிர்சாதனம் ஓடியது, பட்டப்பகலில் நான்கு குழல்விளக்கு எரிந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரமாயிற்று. நடந்ததைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் கடையில் சிரித்த அதே சிரிப்பு. அதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சாப்பிடக்கூடாது, குழந்தை பக்கத்தில் வைக்கக்கூடாது. இது சாதாரண அறிவுதானே?" என்றார்.

"இதை வந்து சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்."

"எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்த மணலை அங்கே கொட்டியது நாங்கள் இல்லை. நான் அணு உலையைப் பற்றிப் பேச வந்தவன், மணலைப் பற்றிப் பேச வந்தவன் இல்லை."

புறப்படும்போது வழவழப்பான தாளில் அச்சடித்த கையேடுகளை ஒரு கட்டு கொடுத்தார். எல்லாம் மலாய். மேலட்டையில் ஓர் அம்மா, ஒரு குழந்தை, பின்னால் ஒரு பல்பு. பஸ்ஸில் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கோழை, சம்பளத்துக்கு மாரடிக்கிறவன், சப்பாத்தைப் பார்த்து நடக்கிறவன் என்றெல்லாம் திட்டினேன். எல்லாமே எனக்கும் பொருந்தியது என்பது தோட்டத்து முனையில் இறங்கும்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை மாலை, கரண்டு வந்த நேரம். மறுநாளைக்காக அக்கா குழந்தையின் புதுச்சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாசலில் பால்வெட்டுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் நான் என் வழக்கப்படிதான் ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்த முடிச்சக் கழட்டு. லோரிக்காரன் சும்மா கொட்டிட்டுப் போன குப்பய அந்த மண்டோரு ஆத்தாங்கறான். நீயும் அதக் கேட்டுக்கிட்டுப் பிள்ள இடுப்புல கட்டி வச்சிருக்க. மூளை இருக்கா உனக்கு?"

மச்சான் கத்தியைக் கீழே வைத்தார். "தம்பி, பாத்துப் பேசுலா. உங்கக்கா அது."

அக்கா சட்டையை மடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மண்டோரு சொன்னான்னு நான் கட்டுவனா? அந்தாளு சொன்ன எல்லா வேண்டுதலையும் செஞ்சேன், மொத ரெண்டும் தங்குச்சா? அந்தாளு பேச்ச நான் என்னைக்கோ வுட்டுட்டேன். நீதான சொன்ன? பயப்பட ஒண்ணுமில்லன்னு மைக்குல நீதான சொன்ன? பிள்ளைக்கி ஆகாததுன்னா என் தம்பி ஊருக்கு முன்னாடி அப்புடிச் சொல்ல மாட்டான்னு நெனச்சேன். மத்தவங்க கட்டும்போது எனக்கும் ஆசையா இருந்துச்சு, கட்டிட்டேன்."

தோட்டத்துச் சனம் முழுவதையும் மூடக்கூட்டம் என்று ஒரு வாரமாக ஏசிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் மூடத்தனம் எதுவும் இல்லை. அக்கா ஒரு படித்தவன் சொன்னதை நம்பியிருந்தாள், அவ்வளவுதான்.

"நான் சொன்னது பொய்க்கா" என்றேன்.

"தெரியாம சொல்லிட்டியா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன். அந்த அதிகாரி சொல்லாதன்னாரு."

"அவரு யாருடா உனக்கு?"

அக்கா தொட்டிலுக்குப் போனாள். குழந்தையின் இடுப்பிலிருந்த முடிச்சைப் பல்லால் கடிக்கப் போய், சட்டென்று நிறுத்தி, மச்சானின் கத்தியை வாங்கி அறுத்தாள். ஸ்பிரிங்கில் இருந்ததையும் அறுத்தாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் சாம்பலப் பத்திக் கேட்டேனே, அதயாச்சும் அவருகிட்டச் சொன்னியா?"

"இல்லக்கா."

"சரி" என்றாள். முடிச்சுகளைக் காட்டி, "இத எங்க கொட்டறது?" என்று கேட்டாள்.

இரண்டு பிடிகூட இல்லாத மணல். லயத்துக்குப் பின்னால் கொட்டினால் பிள்ளைகள் விளையாடுகிற இடம். ஆற்றில் போட்டால் அதே ஆற்றில்தான் துவைப்பார்கள். அடுப்பில் போட முடியாது, புதைத்தால் கோழி கிளறும். ஆறாம் படிவ பௌதிகத்தில் இதற்குப் பதில் இல்லை. தலைநகரத்திலிருந்து கொண்டுவந்த கையேட்டிலும் இல்லை. கடைசியில் மச்சான் அதை ஒரு காலிப் பால்டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு போய், எந்த வாசலிலிருந்து வந்ததோ அந்த வாசலிலேயே கொட்டிவிட்டு வந்தார். இத்தனை நாளும் இதைப் பக்கத்தில் வைத்திருந்தோமே என்று அக்கா குழந்தையை மூன்று தடவை குளிப்பாட்டினாள்.

மறுநாள் காலைப் பெரட்டுக்குப் போய் மண்டோரிடம் அதே மைக்கைக் கேட்டேன். கொடுக்கவில்லை. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். மணலை வீட்டில் வைக்காதீர்கள், தண்ணீரைக் குடிக்காதீர்கள், நான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். வாளியும் கத்தியுமாக நின்றவர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். "அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. எது வாத்தியாரே நெசம்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு மூன்று தாய்மார்கள் முடிச்சைக் கழற்றினார்கள். மற்றவர்கள் பிற்பகலில் கூழ் குடித்து, மணல் கழுவிய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மண்டோர் மச்சானை மேட்டுக்காட்டுக்கு, இருப்பதிலேயே தூரமான மர நிரைக்கு மாற்றிவிட்டார். அந்த மனிதரின் பக்தி அவ்வளவுதான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்ல முடியாது. ஆயிற்று என்றும் சொல்ல முடியாது. யாரும் வந்து அளக்கவில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் ஒரு தேர்தலுக்கு முன்பு அந்த வாசலுக்குச் சிமெண்டு போட்டார்கள், மணல் அடியிலேயே இருக்கிறது. நாட்டில் அணுமின் உலை எதுவும் கட்டப்படவில்லை. அதன் வெளிச்சம் எங்களுக்கு வந்ததே இல்லை, சாம்பலுக்கு உறவான ஒன்று மட்டும் முன்கூட்டியே வந்து வாசலில் கிடந்தது. அக்காள் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், இப்போது அவளுக்கே பிள்ளைகள். இருந்தாலும் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று போன் வந்தால்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த மாதம் குழந்தைக்குத் தடுப்பூசி போட பத்தாங் பெர்ஜுந்தை கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் கையில் புது அட்டை இருந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"வேணாம்டா. மீகோரெங் கடை பாய் படிச்சுச் சொல்லிட்டாரு. அடுத்த ஊசி தீபாவளி கழிச்சாம்."

குரலில் கோபம் இல்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அட்டையை மஞ்சள் பைக்குள் வைத்தாள். "கை கழுவிட்டு வா, சோறு போடறேன்" என்றாள். போட்டாள், சாப்பிட்டேன். அந்த அட்டையில் வேறு என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த எந்தத் தாளையும் நான் படித்ததில்லை.